150 நாளும் 13 ஆண்டும்: ஃபால்அவுட்டும் அதன் தொடர்ச்சியும்

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: ஃபால்அவுட் முதல் பாகம் சிறந்ததா, இரண்டாம் பாகம் சிறந்ததா? முதலாவது 1997 அக்டோபரில் வந்தது. இரண்டாவது அடுத்த அக்டோபரிலேயே வந்துவிட்டது. விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருளான எஞ்சின் இரண்டுக்கும் ஒன்றே. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் அதே பார்வை, அதே அறுகோணக் கட்டங்கள், ஆளுக்கு ஒரு முறை என்று மாறி மாறி அடித்துக்கொள்ளும் அதே சண்டை. இரண்டு திரைகளை அருகருகே வைத்தால் புதிதாகப் பார்ப்பவருக்கு எது எதுவென்று தெரியாது.

ஆனால் இரண்டையும் முடித்தவர்கள் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். ஊர்கள் அதிகம், ஆயுதங்கள் அதிகம், செய்வதற்கு வேலை அதிகம் என்று இரண்டாம் பாகத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஒரு பக்கம். கதை கச்சிதம், ஒரு காட்சிகூட வீணில்லை என்று முதல் பாகத்தை விட்டுக்கொடுக்காதவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் சொல்வது சரிதான். அந்த விரிவும் இந்தக் கச்சிதமும் எங்கிருந்து வந்தன என்று தோண்டிப் பார்த்தால், முதல் பாகத்தில் ஒரு கெடு இருக்கிறது, இரண்டாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள் என்ற ஒரு விஷயத்தில் போய் முட்டும். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஃபால்அவுட் காட்டும் எதிர்காலம் 1950களின் அமெரிக்கா கனவு கண்ட எதிர்காலம். அணுசக்தியில் ஓடும் கார், வால்வு வைத்த கணினி, கூஜா போன்ற தலையுடன் ரோபோ. 2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் விழுந்து அந்த உலகம் முடிந்துபோகிறது. போருக்கு முன்பே வால்ட்-டெக் என்ற நிறுவனம் நிலத்துக்கடியில் கட்டிவைத்த காப்பறைகளுக்குப் பெயர் வால்ட். அவற்றுக்குள் போய் அடைந்துகொண்டவர்களின் வாரிசுகள், வெளியே என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியாமலே தலைமுறைகளாக உள்ளே வாழ்கிறார்கள்.

இதை உருவாக்கிய இன்டர்பிளே நிறுவனத்தில் இது பெரிய திட்டமாகத் தொடங்கவில்லை. டிம் கெய்ன் என்ற நிரலாளர் 1994 வாக்கில் தனியாளாக ஓர் எஞ்சினை எழுத ஆரம்பித்தார். லியோனார்ட் பொயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் ஆகிய ஓவியர்களும் வடிவமைப்பாளர் கிறிஸ் டெய்லரும் பிறகு சேர்ந்தார்கள். 1988-ல் இன்டர்பிளே செய்த வேஸ்ட்லேண்ட் விளையாட்டைத் தொடர வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்தப் பெயரின் உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்ததால் புதுப்பெயர் வைத்தார்கள். விதிமுறைகளுக்கு கர்ப்ஸ் என்ற மேசை விளையாட்டுத் தொகுப்பின் உரிமத்தை வாங்கியிருந்தார்கள். வன்முறைக் காட்சிகள் தொடர்பாக எழுந்த கருத்து வேறுபாட்டில் 1997-ல் அந்த ஒப்பந்தம் முறிந்தது. விளையாட்டு பாதிக்கு மேல் முடிந்திருந்த நேரம். வலிமை, கூர்நோக்கு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்களை வைத்து 'ஸ்பெஷல்' என்ற மாற்று முறையை அவசர அவசரமாக எழுதினார்கள். இன்று வரும் ஃபால்அவுட் வரை அந்த ஏழும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கெடு என்ன செய்கிறது

முதல் பாகம் 2161 டிசம்பர் 5 அன்று தொடங்குகிறது. வால்ட் 13-ல் குடிநீரைச் சுத்திகரிக்கும் கருவியின் சிப் பழுதாகிவிட்டது. இருப்பில் உள்ள தண்ணீர் 150 நாளுக்குத்தான் வரும். அதற்குள் வெளியே எங்காவது இன்னொரு சிப்பைத் தேடிக் கொண்டுவா என்று வால்ட்டின் மேற்பார்வையாளர் உங்களை அனுப்புகிறார். கனமான இரும்புக் கதவு பின்னால் மூடிக்கொள்கிறது. திரும்பிப் பார்த்தால் கதவோரமே ஓர் எலும்புக்கூடு: உங்களுக்கு முன்னால் வெளியே போனவர். நீங்கள் முதல் ஆள் இல்லை என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மணிக்கட்டில் கட்டியிருக்கும் பிப்-பாய் கருவியில் மிச்ச நாள் தெரிகிறது. வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனால் நாட்கள் கழிகின்றன. காயம் ஆற ஓய்வெடுத்தால் கழிகின்றன. புத்தகம் படித்துத் திறனை வளர்த்துக்கொண்டால் மணி நேரங்கள் போகின்றன. எனவே ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் சாதாரண ஆர்பிஜி விளையாட்டில் யோசிக்காமல் செய்கிற காரியம் ஒவ்வொன்றுக்கும் இங்கே விலை இருக்கிறது. ஷேடி சாண்ட்ஸ் என்ற சின்ன விவசாயக் கிராமத்தில் தலைவர் அரதேஷின் மகள் டான்டியைக் கொள்ளைக் கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மீட்கப் போகலாமா? வேறொரு விளையாட்டில் இது கேள்வியே இல்லை. அனுபவப் புள்ளி கிடைக்கும், போய்வரலாம். இங்கே உங்கள் வால்ட்டில் தாகத்தோடு இருப்பவர்களின் நாட்களை எடுத்து டான்டிக்குச் செலவு செய்கிறீர்கள்.

வடிவமைப்பாளர்கள் இந்தக் கெடுவுக்கு ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். ஹப் என்ற வணிக நகரத்தில் தண்ணீர் வியாபாரிகள் உண்டு. பணம் கொடுத்தால் வால்ட் 13-க்கு வண்டியில் தண்ணீர் அனுப்புவார்கள், 100 நாள் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்த வால்ட்டுக்கு இப்போது வண்டித்தடம் விழுந்துவிட்டது. வால்ட்டைத் தேடி அலையும் சூப்பர் மியூட்டன்ட் என்ற உருமாற்றப்பட்ட மனிதர்களின் படைக்கும் அதனால் வேலை சுலபமாகிறது. அவர்கள் கண்டுபிடிக்கும் நாள் நெருங்கிவிடுகிறது. கருணையோடு எடுத்த முடிவு எந்த வழியாகத் திரும்பிவந்து கடிக்கும் என்று இத்தனை சிக்கனமாகக் காட்டிய விளையாட்டு அந்தக் காலத்தில் அரிது.

சிப் கடைசியில் நெக்ரோபொலிஸ் என்ற ஊரில் கிடைக்கிறது. கதிர்வீச்சில் தோல் கழன்றும் சாகாமல் நூறாண்டு கடந்து வாழும் 'கூல்'களின் ஊர் அது. ஊருக்கடியில் இன்னொரு வால்ட். அங்கே இயங்கிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து நீங்கள் தேடிவந்த சிப்பை உருவிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் அந்தக் கூல்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சிப்பை எடுத்தால் உங்கள் மக்கள் பிழைப்பார்கள், இவர்கள் தாகத்தில் சாவார்கள். பழைய பம்ப் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. சாக்கடைக்குள் அலைந்து உதிரிப்பாகங்களைத் தேடி, பழுது பார்க்கும் திறனும் இருந்தால் அதை ஓடவைக்கலாம். அதற்கும் நேரம் வேண்டும். நாட்கள் முடிகிற நெருக்கடியில் ஓடிவந்த ஒருவர் பம்ப்பைத் திரும்பிப் பார்க்காமல் சிப்போடு ஓடினால் அவரை வில்லன் என்று விளையாட்டு எங்கும் திட்டுவதில்லை. முடிவுக் காட்சியில் நெக்ரோபொலிஸ் என்ன ஆனது என்று மட்டும் சொல்லும்.

தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து எத்தனையோ கதைகள் உண்டு. அதை விளையாடுபவரின் கைக்கணக்காகவே மாற்றியதில்தான் முதல் பாகத்தின் மேதைமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பேசித் தோற்கடிக்கக்கூடிய எதிரி

சிப்பைக் கொண்டுவந்து கொடுத்த பிறகு இரண்டாம் வேலை வருகிறது: சூப்பர் மியூட்டன்ட்களை உருவாக்குவது யார் என்று கண்டுபிடித்து நிறுத்துவது. அந்தத் தேடல் மாரிபோசா ராணுவத் தளத்துக்கும், கடைசியில் தெற்கே இருக்கும் கதீட்ரலின் அடித்தளத்துக்கும் கொண்டுபோகிறது. அங்கே இருக்கிறார் மாஸ்டர். மனித உடலும் இயந்திரமும் சதைக் குவியலுமாகக் கலந்துபோன ஓர் உயிர். ஒரே வாக்கியத்துக்குள் அவருடைய குரல் ஆணாகவும் பெண்ணாகவும் கணினியாகவும் மாறும். கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

மாஸ்டரின் வாதம் பைத்தியக்காரத்தனம் இல்லை. மனிதர்களுக்குள் வேற்றுமை இருந்ததால்தான் உலகம் எரிந்தது. எல்லோரையும் ஒரே இனமாக, கதிர்வீச்சைத் தாங்கும் மியூட்டன்ட்களாக மாற்றிவிட்டால் இனிப் போர் வராது என்கிறார். உண்மையாகவே நம்புகிறார். அதனால்தான் அவரிடம் பேச முடிகிறது. பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் அமைப்பின் ஆய்வாளர் வ்ரீ, மியூட்டன்ட் உடல்களை அறுத்துப் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது: இவர்களால் பிள்ளை பெற முடியாது. அந்த ஆதாரத்தை முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்து, பேச்சுத்திறனும் கைகொடுத்தால், மாஸ்டரின் முகத்துக்கு நேராக அதைச் சொல்லலாம். உன் புதிய இனத்துக்கு அடுத்த தலைமுறையே கிடையாது. முதலில் மறுக்கிறார். பிறகு புரிந்துகொள்கிறார். தான் செய்த அத்தனையும் வீண் என்று தெரிந்ததும் தன் இடத்தைத் தானே அழித்துக்கொள்ள முடிவெடுத்து, உங்களைத் தப்பித்துப் போகச் சொல்கிறார்.

ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் முடியும் இந்தச் சந்திப்பை வாள், துப்பாக்கி விளையாட்டுகளே நிறைந்திருந்த 1997-ல் எழுதினார்கள். தோட்டாவின் இடத்தில் ஒரு மருத்துவக் குறிப்பு. நாட்களை எண்ணிக்கொண்டு ஓடியவர், அந்த ஆய்வாளரிடம் நின்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

உலகைக் காப்பாற்றிவிட்டு வால்ட் 13-க்குத் திரும்பினால் கதவுக்கு வெளியிலேயே மேற்பார்வையாளர் நிறுத்துகிறார். நீ வெளியுலகைப் பார்த்துவிட்டாய். உன்னைப் பார்த்து இளைஞர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டால் இந்த வால்ட் என்ன ஆகும்? உள்ளே இடமில்லை, போய்விடு. இங்க் ஸ்பாட்ஸ் குழுவின் பழைய காதல் பாட்டு ஒலிக்க, நாயகன் பாலைவனத்துக்குள் நடந்து போகிறான்.

கெடுவை எடுத்த பிறகு

எல்லோருக்கும் இந்தக் கெடு பிடிக்கவில்லை. சிப்பின் 150 நாளுக்குப் பிறகு மியூட்டன்ட் படையெடுப்புக்கு 500 நாள் என்று இன்னொரு கணக்கும் மறைவாக ஓடிக்கொண்டிருந்தது. நிதானமாகச் சுற்றிப் பார்க்க விரும்பியவர்கள் குறைபட்டார்கள். திருத்தப் பதிப்பில் அந்த 500 நாள் கெடுவை 13 ஆண்டாக நீட்டினார்கள். நடைமுறையில் அது இல்லாமலே போனது. அடுத்த பாகத்துக்கு நிறுவனம் எடுத்துக்கொண்ட பாடமும் அதுவே.

இரண்டாம் பாகம் பிறந்த சூழலே வேறு. முதல் பாகம் மூன்று ஆண்டுக்கு மேல் ஊறி வந்தது. இரண்டாவதை ஏறக்குறைய ஓராண்டில் முடிக்க வேண்டியிருந்தது. ஃபெர்கஸ் அர்கார்ட்டின் தலைமையில் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் என்ற பிரிவு அதை எடுத்துக்கொண்டது. தொடக்க வேலைகளில் இருந்த கெய்ன், பொயார்ஸ்கி, ஆண்டர்சன் மூவரும் 1998-ன் ஆரம்பத்திலேயே வெளியேறி ட்ரொய்கா கேம்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஊர்களை ஆளுக்கொன்றாக வெவ்வேறு வடிவமைப்பாளர்கள் பிரித்துக்கொண்டு எழுதினார்கள். நியூ ரீனோ கிறிஸ் அவலோனின் கையில் வந்தது. இந்த உற்பத்தி முறையின் பலமும் பலவீனமும் திரையில் அப்படியே தெரிகின்றன.

கதை 80 ஆண்டு தள்ளி, 2241-ல் தொடங்குகிறது. வால்ட்டிலிருந்து துரத்தப்பட்ட முதல் பாக நாயகன் வடக்கே போய் அரோயோ என்ற கிராமத்தை உருவாக்கினான். நீங்கள் அவனுடைய பேரப்பிள்ளை. அவன் போட்டிருந்த வால்ட் 13 நீல உடை இப்போது கிராமத்தின் புனிதப் பொருள். மழை பொய்த்து, பயிர் கருகி, ஊர் சாகிறது. பாலைவனத்தையும் சோலையாக்கும் 'ஜெக்' என்ற பெட்டியைத் தேடிக் கொண்டுவர வேண்டும்.

ஊர் சாகிறது என்பதை நினைவுபடுத்த அவ்வப்போது கனவில் பூசாரி ஹகுனின் வருவார். நேரமாகிறது, சீக்கிரம் வா என்று கெஞ்சுவார். முதல் முறை கேட்கும்போது நெஞ்சு பதறும். ஆனால் நீங்கள் நியூ ரீனோவில் குத்துச்சண்டை போட்டுக்கொண்டு மாதக் கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆட்டத்துக்கு 13 ஆண்டு என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தொடுபவர்கள் அபூர்வம். ஜெக் கையில் கிடைத்து ஊருக்குப் போனால், எத்தனை வேகமாக வந்திருந்தாலும் எத்தனை தாமதமாக வந்திருந்தாலும், ஊர் எரிந்து கிடக்கும், மக்களை என்கிளேவ் என்ற மறைவான அமைப்பின் படை தூக்கிப் போயிருக்கும். முதல் பாகத்தில் தாமதம் உங்கள் குற்றம். இரண்டாம் பாகத்தில் அது கதாசிரியர் முன்பே எழுதிவைத்தது. இந்த இழப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை.

தொடக்கமும் சறுக்கல்தான். சோதனைக் கோயில் என்ற இடத்தில் ஈட்டியால் எறும்பையும் தேளையும் குத்திக்கொண்டே போக வேண்டும். பேச்சுத்திறனை நம்பிப் பாத்திரத்தை உருவாக்கியவர் வழியெல்லாம் திண்டாடி, கடைசிக் கதவில்தான் வாயைத் திறக்க முடியும். வெளியீட்டுத் தரப்பின் வற்புறுத்தலில் சேர்த்தது அது என்று உருவாக்கியவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள்.

கெடு போன இடத்தில் வந்தது அரசியல்

ஆனால் அந்தக் கோயிலைத் தாண்டி, கிளமத், டென் என்ற ஊர்களையும் தாண்டித் தெற்கே இறங்கினால், முதல் பாகத்தால் காட்டவே முடியாத ஒன்று விரிகிறது. முதல் பாகத்தின் ஊர்கள் தனித்தனித் தீவுகள். அடுத்த ஊரில் என்ன நடக்கிறது என்று ஓர் ஊருக்கும் பெரிய கவலை இல்லை. இரண்டாம் பாகத்தில் ஒன்றின் சாக்கடை இன்னொன்றின் கிணற்றில் கலக்கிறது. இதை உருவகமாகச் சொல்லவில்லை.

வால்ட் சிட்டியை எடுத்துக்கொள்வோம். வால்ட் 8-ன் மக்கள் தங்களிடம் இருந்த ஜெக்கை வைத்து உருவாக்கிய நகரம். சுத்தமான தெரு, மருத்துவமனை, மதில். குடியுரிமைக்குத் தேர்வு வைக்கிறார்கள். உள்ளே உழைப்பவர்களுக்கு 'பணியாளர்' என்று பெயர். அடிமை என்ற சொல் மட்டும்தான் இல்லை. பக்கத்தில் கெக்கோ என்று கூல்களின் ஊர். அங்கே ஒரு பழைய அணு உலை கசிந்து, வால்ட் சிட்டியின் நிலத்தடி நீரில் நஞ்சு கலக்கிறது. தலைவி லினெட்டுக்கு அந்த ஊர் இல்லாமல் போனால் போதும். நீங்கள் போய் உலையை வெடிக்கவைக்கலாம். அல்லது வால்ட் சிட்டியிலேயே கொஞ்சம் நிதானமான ஆட்களைப் பிடித்து, ஓர் உதிரிப்பாகத்தை வாங்கிக்கொண்டு போய்க் கசிவை நிறுத்தலாம். கெக்கோவில் உங்களோடு பேசுபவர் ஹரோல்ட்: முதல் பாகத்தில் ஹப் நகரத்தின் ஓரத்தில் கிடந்த அதே ஹரோல்ட், இப்போது தலையில் ஒரு மரம் முளைத்திருக்க, ஓர் ஊரை நடத்துகிறார்.

இந்தப் பிரச்சினை அந்த இரண்டு ஊரோடு நிற்பதில்லை. தெற்கிலிருந்து புதிய கலிஃபோர்னியக் குடியரசு வளர்ந்துவருகிறது. வால்ட் சிட்டியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறது. வால்ட் சிட்டியை அடிக்கடி கொள்ளையர்கள் தாக்குகிறார்கள். அவர்களின் குகையைத் தேடிப் போய்ப் பெட்டியைத் திறந்தால், பின்னால் இருப்பது நியூ ரீனோவின் பிஷப் குடும்பத்தின் பணம் என்று தெரியவருகிறது. நியூ ரீனோவை நான்கு குடும்பங்கள் பங்கு போட்டிருக்கின்றன. மோர்டினோ குடும்பம் 'ஜெட்' என்ற போதைப்பொருளைத் தயாரிக்கிறது. அது ரெட்டிங் சுரங்கத் தொழிலாளர்களைச் சீரழிக்கிறது. சால்வதோரே குடும்பத்துக்கு லேசர் துப்பாக்கிகள் எங்கிருந்து வருகின்றன என்று துப்பறிந்தால் நூல் என்கிளேவ் வரை போகிறது. குடியரசின் சட்டம் அடிமை முறையைத் தடை செய்திருக்கிறது. அதன் தலைநகர மதிலுக்கு வெளியே அடிமை வியாபாரி கடை விரித்திருக்கிறான்.

யாரும் முழுக்க நல்லவர் இல்லை, யாருடைய கணக்கும் புரியாததும் இல்லை. இந்தப் பின்னலை அவிழ்க்க அங்குமிங்கும் பலமுறை போய்வர வேண்டும், கேட்டதை இன்னோர் ஊரில் சரிபார்க்க வேண்டும், டென்னில் கிடைக்கும் ஹைவேமேன் காரைச் சரிசெய்து வரைபடத்தையே குறுக்காக்க வேண்டும். 150 நாள் கெடுவில் இது நடக்கவே நடக்காது. கெடுவை எடுத்ததால் கிடைத்த லாபம் இதுதான், பெரிய லாபம்.

அந்தக் குடியரசின் தலைவி யார் தெரியுமா? டான்டி. கொள்ளையரிடமிருந்து உங்கள் தாத்தா மீட்ட, அல்லது மீட்டதாக வரலாறு வைத்துக்கொண்ட, அதே கிராமத்துப் பெண். மண்வீடுகளும் சோளக்கொல்லையுமாக இருந்த ஷேடி சாண்ட்ஸ்தான் இப்போது தலைநகரம். முன்பு தண்ணீரை எண்ணி நாட்களைச் செலவிட்ட ஊரில் இப்போது சட்டமன்றம், காவல், வரி. முதல் பாகத்தை விளையாடிய கையோடு வந்து டான்டியின் மேசைக்கு முன்னால் நிற்பவருக்கு 80 ஆண்டு கடந்ததை விளக்க ஒரு வசனமும் தேவைப்படாது.

பணமும் மாறிவிட்டது. முதல் பாகத்தில் சோடா பாட்டில் மூடிதான் காசு. இரண்டாம் பாகத்தில் அரசு இருக்கிறது, நாணயம் இருக்கிறது. பிரோக்கன் ஹில்ஸ் ஊரில் புதையல் இருப்பதாகக் கேட்டுப் பாடுபட்டுக் கிணற்றுக்குள் இறங்கினால் கிடைப்பது மூட்டை நிறையப் பாட்டில் மூடி. இப்போது ஒரு கடையிலும் செல்லாது.

துணைக்கு வருபவர்கள் விஷயத்தில் இரண்டாம் பாகம் தெளிவாகவே மேல். முதல் பாகத்தில் கூட்டாளிகளைக் கடைசி நேரத்தில்தான் சேர்த்தார்கள், அது தெரியும். ஷேடி சாண்ட்ஸில் சேரும் இயன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான், நகர்த்த வழியில்லை. சப்-மெஷின் கன்னைக் கொடுத்தால் எதிரியோடு சேர்த்து உங்கள் முதுகையும் துளைப்பான். கொடுத்த பொருளைத் திரும்ப வாங்க அவனோடு பண்டமாற்று செய்ய வேண்டும், இல்லையென்றால் திருட வேண்டும். இரண்டாம் பாகத்தில் சுலிக், கேசிடி, மார்கஸ் போன்றவர்கள் உங்களோடு வளர்கிறார்கள், கவசம் மாற்றிக்கொள்கிறார்கள், எப்போது சுட வேண்டும் என்று சொன்னால் கேட்கிறார்கள்.

எழுத்தின் நுணுக்கத்துக்கு ஓர் உதாரணம். இரண்டு பாகங்களிலும் அறிவுப் புள்ளியை மிகக் குறைவாக வைத்தால் உங்கள் பாத்திரத்துக்குச் சரியாகப் பேச்சே வராது. முனகலும் ஓரிரு சொல்லும்தான். கிளமத்தில் டோர் என்று மனவளர்ச்சி குன்றிய ஒருவர் மாடு மேய்க்கிறார். சாதாரண அறிவுள்ள பாத்திரத்துக்கு அவர் பேசுவது அரைகுறையாகத்தான் புரியும். அதே அறிவு குறைந்த பாத்திரத்தோடு போனால், திரையில் வரும் உரையாடல் திடீரென்று தெளிந்த, நயமான மொழிக்கு மாறிவிடும். இருவரும் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொள்கிறார்கள். வேறு யாரிடமும் வராத பேச்சு டோரிடம் மட்டும் வருகிறது. பெரும்பாலோர் பார்க்கவே போகாத ஒரு மூலைக்கு யாரோ உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்கள்.

தொனியும் முடிவும்

ஆளுக்கோர் ஊர் என்று எழுதியதன் பலவீனம் தொனியில் தெரிகிறது. வால்ட் சிட்டியின் குளிர்ந்த கொடுமையிலிருந்து நாலு நாள் நடந்தால் பேசும் செடி, சதுரங்கம் ஆடும் தேள். திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் கிண்டலடிக்கும் சந்திப்புகள் வழிநெடுக உண்டு. அவற்றில் ஒன்று காலத்தில் பின்னோக்கிக் கொண்டுபோகும் கல்வாசல். அதற்குள் நுழைந்தால் பழைய வால்ட் 13. அங்கே ஒரு கணினியைத் தொடுகிறீர்கள், தண்ணீர் சிப் உடைகிறது. ஆக, முதல் பாகம் முழுவதும் உங்கள் தாத்தா பட்ட பாட்டுக்குக் காரணம் நீங்கள்தான். சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார்கள், பலர் ரசிக்கவும் செய்கிறார்கள். நெக்ரோபொலிஸின் பம்ப்புக்கு முன்னால் நின்று தவித்த எனக்கு இதில் சிரிக்க முடிவதில்லை.

அவசரத்தின் தழும்புகளும் இருந்தன. வெளியான நாளில் பிழைகள் மலிந்திருந்தன. கார் காணாமல் போவது, டிக்கியில் வைத்த பொருள் மறைவது என்று புகார்கள். ஐரோப்பியப் பதிப்பில் குழந்தைகளைச் சுடக்கூடாது என்று குழந்தைகளின் உருவங்களையே நீக்கினார்கள். டென் ஊர்க் குழந்தைகள் ஜேப்படி அடிப்பவர்கள். உருவம் போனது, பழக்கம் போகவில்லை. ஐரோப்பாவில் விளையாடியவர்களின் பையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கைகள் பொருளை எடுத்துக்கொண்டிருந்தன.

இப்போது இரண்டாம் பாகத்தின் எதிரியைப் பார்ப்போம். முதல் பாகத்தின் தொடக்கக் காட்சியில் கவசமணிந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு கைதியைச் சுட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துக் கையசைப்பார்கள். இரண்டாவதில் வால்ட் கதவு திறந்து, நம்பிக்கையோடு வெளியே வரும் மக்களை என்கிளேவ் படையினர் சுட்டுத் தள்ளுவார்கள். இரண்டு காட்சிக்கும் தொடர்பு உண்டு: பழைய அமெரிக்க அரசின் மிச்சம்தான் என்கிளேவ். கடல் நடுவே ஓர் எண்ணெய் மேடையில் ஒளிந்திருந்து, கதிர்வீச்சு தொட்ட எவரும் மனிதரில்லை என்று முடிவுகட்டி, வெளியே உள்ள அத்தனை பேரையும் நச்சுயிரால் கொல்லத் திட்டமிடுகிறது. எல்லோரையும் ஒன்றாக்கப் பார்த்தார் மாஸ்டர். தன்னைப்போல் இல்லாத எல்லோரையும் ஒழிக்கப் பார்க்கிறது என்கிளேவ். அரசியல் சிந்தனையாக இரண்டாவது இன்னும் கூர்மையானது, இன்றைக்கு இன்னும் பரிச்சயமானது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் அந்தச் சிந்தனையோடு மோத வழி கொடுக்கவில்லை. எண்ணெய் மேடையில் விஞ்ஞானி கர்லிங்கை மனம் மாற்றலாம், ஒரு சிப்பாய்க் குழுவைப் பேசி உங்கள் பக்கம் இழுக்கலாம், அதிபர் ரிச்சர்ட்சனோடு விவாதிக்கலாம். எல்லாம் செய்தாலும் வெளியேறும் வழியில் ஃபிராங்க் ஹாரிகன் நிற்கிறான். மலை மாதிரி உடம்பு, பிளாஸ்மா துப்பாக்கி, அவனிடம் எந்தச் சொல்லும் எடுபடாது. எண்பது மணி நேரம் தூதராக, வழக்கறிஞராக, மருத்துவராக வாழ்ந்த பாத்திரம் கடைசியில் துப்பாக்கியோடு நின்றே ஆக வேண்டும். முதல் பாகத்தில் உங்கள் நிலை 21-க்கு மேல் வளராது, இரண்டாவதில் 99 வரை போகலாம். வளர்ந்த அந்தப் பலத்துக்கு ஈடாக ஒரு பெரிய சண்டையை வைத்தாக வேண்டும் என்று நினைத்திருக்கலாம். மாஸ்டரிடம் வைத்த மருத்துவக் குறிப்புக்கு இணையாக ஹாரிகனிடம் எதுவும் இல்லை.

ஆகவே என் தரப்பு இது. தனிப் படைப்பாக முதல் பாகமே உயர்ந்தது. அதன் முடிவுக்கு நிகர் இன்றும் குறைவு. வால்ட் சிட்டி, கெக்கோ, நியூ ரீனோ, குடியரசு என்ற அந்த நடுப்பகுதி மட்டும் என்றால் இரண்டாம் பாகம் முந்திவிடும். பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டதும் அந்த நடுப்பகுதியைத்தான். 2003-ல் பிளாக் ஐல் மூடப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்பே அங்கிருந்து வெளியேறியவர்கள் அப்சிடியன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். பெதஸ்டா என்ற நிறுவனம் ஃபால்அவுட்டின் உரிமையை வாங்கி 2008-ல் மூன்றாம் பாகத்தை முப்பரிமாணத்தில் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோன பிறகு, 2010-ல் அப்சிடியன் செய்த நியூ வேகஸ் மறுபடி மேற்குக்கு வந்தது. அங்கே குடியரசு பேரரசாகி அணைக்கட்டுக்காகப் போரிடுகிறது, மார்கஸ் வருகிறார், கேசிடியின் மகள் வருகிறாள். அந்த விளையாட்டின் வேர் முழுவதும் டான்டியின் மேசையில் இருக்கிறது.

இன்று இரண்டும் ஸ்டீம், காக் (GOG) என்ற இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன, மிகச் சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். முதல் பாகத்தை முதலில் விளையாடுங்கள். பேச்சு, அறிவு இரண்டையும் உயர்த்திய பாத்திரத்தோடு போங்கள். நாட்களைப் பார்த்துப் பயந்து இணையத்தில் வழிகாட்டியைத் தேட வேண்டாம். 150 நாள் போதும், போதாது என்று தோன்றவைப்பதுதான் அதன் வேலை. இரண்டாம் பாகத்துக்கு ரசிகர்கள் செய்த திருத்தப் பொதியை நிறுவிக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான பிழைகளைச் சரிசெய்து, நேரமின்மையால் விட்டுப்போன சில இடங்களையும் சேர்த்திருக்கிறார்கள். சோதனைக் கோயிலைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். கிளமத்தில் டோரைப் பார்க்காமல் மட்டும் போய்விடாதீர்கள்.